ஐம்பதுக்குப் பிறகு பழைய சைக்கிள்: பார்த்து வாங்குவதும் ஓட்டத்துக்குக் கொண்டுவருவதும்

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதிருந்த யாழ்ப்பாணத்தில், விறகு முதல் நோயாளி வரை சைக்கிளிலேயே ஏற்றிச் சென்ற தலைமுறைக்கு ஓடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே சமநிலை பிடிப்பதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. 2022இன் எரிபொருள் வரிசைகள் மறைந்த பின்னரும் சைக்கிளை விட மனமில்லாத ஒருவனாக, பழையதொன்றை வாங்கிச் சீர்செய்யும் முறையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பாரை, அதாவது சீற்றுக்கும் காண்டிலுக்கும் இடையிலுள்ள மேற்குழாயை, எப்படி வேண்டுமென்று தீர்மானியுங்கள். இடுப்போ முழங்காலோ நோகுமானால், வெட்கப்படாமல் பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிளை எடுங்கள். ஏறி இறங்குவது சிரமமென்றால் எவ்வளவு நல்ல சைக்கிளும் விறாந்தையிலேயே நிற்கும்.

அடுத்து, புது வர்ணத்தைப் பார்த்து மயங்காமல், காண்டில் தண்டுக்குச் சற்றுப் பின்னால் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே வர்ணம் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் அந்தச் சைக்கிள் முன்னர் எங்கோ மோதியிருக்கிறது. விலை பேசாமல் திரும்பிவிடலாம். கடலோரத்தில் ஓடியதென்றால் கம்பிகள் றிம்மில் நுழையும் இடங்களில் உப்புத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். செயினை அளவுகோலால் அளக்கலாம்: ஆணி நடுவிலிருந்து ஆணி நடுவரை 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயினோடு பற்சில்லுகளும் தேய்ந்திருக்கும் என்று கணக்கிட்டு விலையைக் குறைக்கக் கேளுங்கள். விற்பவரிடம் எழுத்தில் ஒரு துண்டு வாங்க மறக்கவேண்டாம்.

எனக்குப் பெருந்தலையிடி தந்தது ரயர் அளவுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். "இருபத்தாறு" என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது உங்கள் றிம்மில் ஏறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதிய ரயரின் உள்விட்டம் 590 மில்லிமீற்றர். மலைச் சைக்கிள்களுக்குரிய, 26 × 1.75 என்று தசமத்தில் எழுதியதோ 559 மில்லிமீற்றர். பெயரில் இரண்டும் இருபத்தாறுதான், ஆனால் ஒன்றன் றிம்மில் மற்றது ஒருபோதும் பொருந்தாது. பெரியவர்கள் ஓடிய பழைய உயரச் சைக்கிளின் 28 × 1½ ரயருக்கு 635. யப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்கள் சிலவற்றில் உள்ள 27 × 1⅜ ரயருக்கு 630. ரயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் சிறிய எழுத்தில் ஓர் இணை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள், அல்லது பழைய ரயரையே கையோடு கொண்டு போங்கள். வர்ணத்துக்குச் செலவிடும் காசை நல்ல ரயருக்குச் செலவிடுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து.

பின்னர் தெரிந்த சைக்கிள் கடையில் முழுவதையும் கழுவிப் பூட்டி, போல்ஸ்களை (உள்ளே உருளும் சிறு இரும்புக் குண்டுகளை) மாற்றி, புதுக் கிறீஸ் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பல கருவிகள் வேண்டியதில்லை. நல்ல ஸ்பனர் செற் ஒன்றும் நின்றபடி அடிக்கும் பம்மும் போதும். கைப்பம்மை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சீற்றின் உயரத்துக்கு எளிய வழி ஒன்றுண்டு. பெடல் கீழே இருக்கும்போது குதிக்காலை அதன்மீது வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் தானாகவே சற்று மடங்கும். முதல் சில நாட்களுக்கு நிலத்தில் கால் ஊன்றும்படி தாழ்த்தி வைத்து, நம்பிக்கை வந்ததும் உயர்த்துங்கள். தாழ்ந்த சீற்றில் தொடர்ந்து ஓடினால் முழங்கால் நோகும்.

குடாநாட்டில் ஏற்றம் இல்லை, காற்றுத்தான் ஏற்றம். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், யாழ்ப்பாண நகரிலிருந்து கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் வேலணைத் தீவுப் பக்கம் போகும்போது எதிர்காற்று முகத்தில் அடிக்கும். மூச்சு வாங்கும், பேச்சு வராது. திரும்பும்போதோ மிதிக்காமலே சைக்கிள் உருளும், இருபுறமும் ஆழமில்லாத கடலும் வலைக்கம்புகளும் கடந்து போகும். அந்தச் சுகம் மோட்டார் சைக்கிளில் கிடைப்பதில்லை. காற்றை எதிர்த்துப் புறப்படும் இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். களைத்த காலோடு எதிர்காற்றில் வீடு திரும்புவது பெரும்பாடு.

பிற்சேர்க்கை: இடப்பக்கப் பெடல் கழலவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதன் மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டது. வலப்பக்கத்துக்கு வழமைபோல இடஞ்சுழியாகத் திருப்புங்கள். இடப்பக்கத்தை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். துருப்பிடித்திருந்தால் முதல்நாள் இரவே எண்ணெய் விட்டுவையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் "டொக்" என்று சத்தம் கேட்பதாக எழுதியவருக்கு: பெடல் தண்டைப் பிடித்திருக்கும் ஆப்பு ஆணி தேய்ந்திருக்கக்கூடும். முதலில் நட்டை இறுக்கிப் பாருங்கள். சத்தம் நிற்காவிட்டால் ஆணியை மாற்றுங்கள், அதற்குப் பெரிய செலவில்லை.