ரிமோட் படகு கிட்: மேல்தளம் ஒட்டும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

கிட்டோடு வரும் விளக்கத்தாளில் உடற்பகுதி, மேல்தளம், அப்புறம் மோட்டார் என்று வரிசை இருந்தால் அதை அப்படியே பின்பற்றாதீர்கள். மேல்தளம் ஒட்டியபின் உள்ளே கை போகாது. ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு (ஷாஃப்ட்) போகும் குழாயடியில் ஒரு சொட்டு கசிந்தாலும் அறுத்துத்தான் பார்க்க வேண்டும். இங்கே சொல்வது 60–70 செ.மீ. நீளமும் ஒற்றை மோட்டாரும் உள்ள ப்ளைவுட் இழுவைப் படகுக்கு.

ஒட்டத் தொடங்குமுன் கீல் பலகையின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வரை பாருங்கள். தோணி கட்டுகிறவர்கள் ஏரா என்பது இந்தக் கீலைத்தான். இது வளைந்திருந்தால் படகு வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகவே ஓடும். வளைவு இருந்தால் கடப்பாக்கல் பலகைமேல் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, கனம் ஏற்றி ஒரு இரவு விடுங்கள். குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றையும் மூலைமட்டம் வைத்தே நிறுத்துங்கள். பக்கப் பட்டைகளை இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கத்தை முதலில் முடித்தால் காயும் பசை இழுத்து உடலே முறுக்கிக்கொள்ளும். அணியத்தில் (படகின் முன்முனை) வளையாத பட்டையை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டால் வளையும்.

சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். நீர் தாங்கும் மரப்பசையோ, இரண்டு பாகத்தைக் கலந்து இறுகவிடும் எபாக்ஸியோதான் வேண்டும். உடல் முடிந்ததும் உட்புறம் முழுக்க மெல்லிய எபாக்ஸி பூசுங்கள். மூலை முடுக்குகளை விட்டுவிட்டால் ப்ளைவுட் அங்கேதான் உப்பத் தொடங்கும். நம்மூர் வெயிலில் எபாக்ஸியைக் கிண்ணத்தில் மொத்தமாகக் கலந்தால் சூடேறிச் சீக்கிரமே இறுகிவிடும். அகலமான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

ஷாஃப்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். வடிவமைப்பு அதற்கு இடம் தராவிட்டால் கிரீஸ் மட்டுமே தடுப்பு. 4 மி.மீ. ஷாஃப்டையும் மோட்டார் அச்சையும் நேர்கோட்டில் கொண்டுவர ஒரு எளிய வழி இருக்கிறது. மோட்டாரை ஒட்டும் நேரத்தில் யுனிவர்சல் கப்ளிங்கை (மோட்டாரையும் ஷாஃப்டையும் சேர்க்கும் வளையும் இணைப்பு) மாட்டாமல், இரண்டையும் ஒரு நேரான பித்தளைக் குழாய்த் துண்டால் இணையுங்கள். மோட்டார் தாங்கியும் ஷாஃப்ட் குழாயும் அந்த நிலையிலேயே இறுகட்டும். மெதுவாக இறுகும் எபாக்ஸியைப் பயன்படுத்தி, மறுநாள் பித்தளைத் துண்டை எடுத்துவிட்டுக் கப்ளிங்கைப் போடுங்கள். கப்ளிங் கோணலைச் சமாளிக்கும் என்று விட்டுவைப்பவர்களின் படகு காபி அரைக்கிற மாதிரி சத்தம் போடும், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

ப்ரொப்பெல்லர் பக்க வாஷருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விட்டு நட்டைப் பூட்டுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் ஷாஃப்ட் பிடிக்கும். ப்ரொப்பெல்லரை விரலால் சுண்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும். கெட்டியான கிரீஸ் சின்ன மோட்டாரைத் திணறவைக்கும், மென்மையான கிரீஸ் போதும். சுக்கான் குழாயின் மேல்முனையும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். பலர் இதை மறந்துவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள்.

மின்சாரப் பகுதிக்கு 540 வகை பிரஷ் மோட்டார், 35–40 மி.மீ. ப்ரொப்பெல்லர், ஆறு செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போதும். ஸ்பீட் கன்ட்ரோலர் படகுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். கார் வகையில் குச்சியைப் பின்னுக்கு இழுத்தால் முதலில் பிரேக்தான் பிடிக்கும், இரண்டாவது இழுப்பில்தான் பின்னோக்கிப் போகும். அதற்குள் படகு கரைச் சுவரில் மோதிவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் கம்பியில் ஃப்யூஸ் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, அதனால் ரிசீவர் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேல் நிற்க வேண்டும்.

இப்போது குளியல் தொட்டி. மேல்தளம், கேபின், பேட்டரி எல்லாவற்றையும் ஒட்டாமல் அதனதன் இடத்தில் வைத்து மிதக்கவிடுங்கள். வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளைக் கீலை ஒட்டி அடுக்கி, நீர்மட்டக் கோடு முன்னும் பின்னும் சரியாகும்வரை நகர்த்துங்கள். விளிம்பைக் கையால் அழுத்திச் சாய்த்துவிட்டால் தயங்காமல் நிமிர வேண்டும். சோம்பலாக எழுந்தால் கனம் மேலே இருக்கிறது என்று அர்த்தம். படகைக் கையால் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் மோட்டாரை ஓட்டுங்கள். பிறகு மோட்டாரைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடா? ப்ரொப்பெல்லர் பெரிது. ஒரு அளவு குறையுங்கள். ஓட்டிய பின் டிஷ்யூ தாளால் ஷாஃப்ட் குழாய், சுக்கான் குழாய் அடிகளை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் தெரியும்.

ஈயத்தை சிலிக்கோனால் நிலைநிறுத்தும்போது புளித்த வாடை வரும் வகையைத் தவிருங்கள். அந்த அமிலம் செம்புக் கம்பியையும் சர்க்யூட்டையும் அரிக்கும். அணியத்திலும் பின்முனையிலும் தெர்மாகோல் அடையுங்கள். ஈயம், மோட்டார், பேட்டரி சேர்ந்து ஒன்றரைக் கிலோ என்றால் ஒன்றரை லிட்டர் தெர்மாகோல் இருந்தால் படகு நிரம்பினாலும் மூழ்காது. பெட்ரோல் வாடையடிக்கும் ரப்பர் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும், எச்சரிக்கை.

இவ்வளவும் முடிந்தபின் மேல்தளத்தை ஒட்டலாம். அப்போதும் மோட்டார், சுக்கானைத் திருப்பும் சர்வோ, கப்ளிங் மூன்றுக்கும் கை போகுமளவு திறப்பு விடுங்கள்.

முதல் ஓட்டத்தில் ரிமோட்டை முதலில் போட்டு, கடைசியில் அணையுங்கள். கரையிலேயே படகைப் பிடித்துக்கொண்டு மோட்டார் சுழலும்போது ரிமோட்டை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் மோட்டாரைத் தானே நிறுத்தும் அமைப்பு) அமைக்காமல் தண்ணீரில் விட வேண்டாம். உப்புநீரில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஷாஃப்டை வெளியே இழுத்து மீண்டும் கிரீஸ் போடுங்கள்.