கல்லீரல் ஆராய்ச்சிச் செய்தியைப் படித்ததும் நாம் செய்கிற தவறுகள்

ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1', அதாவது கல்லீரலில் லேசாகக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று வந்த நாளிலிருந்து என் சித்தப்பா காபியைக் கூட்டிவிட்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இருந்தவர் இப்போது ஐந்து டம்ளர். ஏற்காட்டுக் கொட்டையை வறுத்து அரைத்த தூள், சிக்கரி கொஞ்சம் தூக்கல், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. கேட்டால், "காபி லிவருக்கு நல்லதுன்னு ஆராய்ச்சியே சொல்லுதுடா" என்கிறார்.

ஆராய்ச்சி சொன்னது பொய்யில்லை. பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021ல் வெளிவந்தது. காபி குடிப்பவர்களுக்கு நாள்பட்ட கல்லீரல் நோய் வரும் வாய்ப்பு 21 சதவீதமும், அதனால் இறக்கும் வாய்ப்பு 49 சதவீதமும் குறைவாக இருந்தது. ஆனால் அதில் யாருக்கும் காபி போட்டுக் கொடுத்துச் சோதிக்கவில்லை, ஏற்கெனவே குடிக்கிறவர்களையும் குடிக்காதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். உடம்பு முடியாமல் காபியை நிறுத்தியவர்களும் அந்தக் 'குடிக்காதவர்கள்' கணக்கில் வந்திருக்கலாம். அப்புறம் இந்த 49 சதவீதம். நூறு பேரில் 49 பேர் பிழைத்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு பேச்சுக்கு, ஆயிரத்தில் இரண்டு பேர் சாகிற இடத்தில் ஒருவர் செத்தாலும் 'பாதியாகக் குறைந்தது' என்றுதான் தலைப்பு வரும். சித்தப்பாவின் பத்து ஸ்பூன் சர்க்கரையைப் பற்றி அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. மிஞ்சுகிற சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுகிற வேலையையும் அதே கல்லீரல்தான் செய்கிறது.

காபியாவது போகட்டும், கீழாநெல்லி விஷயத்தில் நடப்பது இதைவிட ஆபத்து. எங்கள் பக்கம் கண் மஞ்சளானால் முதலில் தேடுவது அதைத்தான், அரைத்து மோரில் கலக்கிக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருப்பார்கள். 'வெளிநாட்டுக்காரனே ஒத்துக்கிட்டான்' என்று கூடவே ஒரு ஃபார்வர்டும் வரும். அதற்கும் ஒரு நிஜமான அடிப்படை உண்டு. சென்னையில் தியாகராஜன் குழுவினர், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்குடன் சேர்ந்து செய்த ஆய்வு 1988ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி அடையாளம் மறைந்தது, போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பிரமாதமான முடிவு. ஆனால் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அப்படி மறையவில்லை, அதுவும் 1990லேயே அதே லான்செட்டில் வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடமாக முதல் செய்தி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அந்த ஆய்வு மஞ்சள் காமாலைக்கான மருந்தைப் பற்றியதே அல்ல, ஹெபடைடிஸ் பி வைரஸை நீண்ட நாளாக உடம்பில் சுமப்பவர்களைப் பற்றியது. காமாலை ஓர் அறிகுறி, காரணங்கள் பல. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும், பேர் கீழாநெல்லிக்குப் போகும். அதே நம்பிக்கையில், பித்தக்குழாயைக் கல் அடைத்து வந்த காமாலைக்கும் மூன்று வாரம் பச்சிலை குடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் கீழாநெல்லிக்கு விரோதி இல்லை, எனக்கே சின்ன வயதில் பாட்டி கொடுத்திருக்கிறார்.

மஞ்சள் கேப்சூல் கதையும் கிட்டத்தட்ட இதுதான். குழம்பில் போடும் ஒரு சிட்டிகை வேறு, செறிவூட்டிய கேப்சூல் வேறு. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்தைப் பிடித்து ஏறுகிறதே, அந்த மிளகில் இருக்கும் பைப்பரினைச் சேர்த்தால் மஞ்சளின் சத்து ரத்தத்தில் கூடுதலாக ஏறும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடுவதும் தவறுதான், அது நார்மலாக இருந்தும் கல்லீரலில் கொழுப்பு இருக்கலாம்.

யாரும் ஃபார்வர்டு செய்யாத ஆய்வு ஒன்று உண்டு. 2015ல் கியூபாவிலிருந்து வந்தது. கல்லீரலில் கொழுப்போடு வீக்கமும் இருந்த 293 பேர், மருந்து கிடையாது, சாப்பாட்டைக் குறைத்து நடந்தார்கள். ஒரு வருடத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அந்த வீக்க நோய் அடங்கியது, 45 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் விழுந்த தழும்பும் குறைந்தது. இதையும் எத்தனை பேரில் என்று கேட்க வேண்டும் அல்லவா? அவ்வளவு எடை குறைத்தவர்களே பத்தில் ஒருவர்தான்.

சித்தப்பா 84 கிலோ. அதில் 10 சதவீதம், சுமார் எட்டரைக் கிலோ குறைக்க வேண்டும் என்றதும் முகம் சுருங்கியது. காபி பழையபடி இரண்டு டம்ளர், சர்க்கரை அரை ஸ்பூன், அதுவரை ஒத்துக்கொண்டார். சாயங்காலத் தட்டுவடை செட் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.