ஊருக்குப் போகும்போது வாசலில் நிற்கும் கார்: டர்பன் தமிழர்களுக்கு

டிசம்பர் பள்ளி விடுமுறையோடு சேர்த்து, பொங்கலையும் பார்த்துவிட்டு வரலாம் என்று தமிழ்நாடு கிளம்பும் குடும்பங்கள் விசா, பெட்டி எடை, சொந்தக்காரர்களுக்கான துணிமணி எல்லாவற்றையும் நினைவாகக் கவனிக்கின்றன. ஆறு வாரம் வாசலில் நிற்கப்போகும் கார் மட்டும் கடைசி நாளில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்கு அது போதாது. அந்த மாதங்கள் டர்பனில் மழைக்காலம். ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து, தினமும் ஓடும்போது தெரியாத பலவீனங்களை நிற்கும்போது வெளிக்கொண்டுவரும்.

சர்வீஸைக் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். இதுதான் முக்கியம். பழைய வண்டியில் கை வைத்தால் புதிய கசிவு ஒன்று வரக்கூடும்: ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் இருக்கும், ரேடியேட்டர் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கும். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே அது தெரியும். நீங்கள் மதுரையில் இருக்கும்போது தெரிந்து என்ன பயன்?

ஆயிலை, மாற்றும் கெடு வராவிட்டாலும், நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் நீரும் கலந்திருக்கும். அது வாரக்கணக்கில் பேரிங்குகள்மீது தங்குவது நல்லதல்ல. 1.6 லிட்டர் இன்ஜினுக்குச் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். சரியான அளவும் தரமும் கையேட்டில் இருக்கும்.

டைமிங் பெல்ட் (இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) உள்ள வண்டியென்றால் அதை எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். பல இன்ஜின்களில் 90,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரைதான் கெடு. ஓட்டம் குறைவாக இருந்தாலும் வருடக் கணக்கு தனி. பழைய வண்டியாக வாங்கி, ரசீது எதுவும் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டும். பெல்ட்டோடு, அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரித்து மாட்டும் கூலி ஒரே கூலிதான்.

டர்பனில் உறைபனி கிடையாது, கூலன்ட் எதற்கு என்று குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். இரண்டு வகைக் கூலன்டை ஒன்றாகக் கலக்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைப் பிரேக் ஆயிலுக்கான தரவிதிப்படி குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155. இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

நிறுத்தும் நாளில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக்குகளைக் காயவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயர் காற்றை வழக்கமான 2.2 பாரிலிருந்து 2.8 வரை ஏற்றலாம்; டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக்கூடாது. மாமரத்தடி வேண்டாம். வைப்பருக்குக் கீழே இலை அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டி வைக்கும். காற்று புகுந்து போகும் துணி உறை நல்லது.

பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அலாரமும், வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கரும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி 37 நாளில் காலி. வயதான பேட்டரி அதற்கும் முன்பே. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றலாம். ஆனால் காப்பீடு டிராக்கரைக் கட்டாயமாக்கியிருந்தால் காப்பீட்டு நிறுவனம், டிராக்கர் நிறுவனம் இரண்டிடமும் முதலில் கேளுங்கள். மின்சார வசதி இருந்தால் பேட்டரி நிரம்பியதும் தானாக நின்று, குறைந்ததும் தானாக இயங்கும் சிறிய சார்ஜரை மாட்டி வைப்பதே மேல். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் “வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிவிடு” என்று சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் ஓடினால் பேட்டரி நிரம்பாது. எக்ஸாஸ்ட்டிலும் ஆயிலிலும் நீர்தான் சேரும். ஓட்டினால் அரை மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

கண்ணாடியில் ஒட்டிய லைசென்ஸ் டிஸ்க் (வண்டியின் வருடாந்திர உரிமச் சீட்டு) எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடிந்தபின் 21 நாள்தான் சலுகை. ஊரில் இருக்கும்போது அது கடந்துவிடலாம்.

திரும்பி வந்ததும் சாவியைத் திருப்புவதற்கு முன் வண்டிக்கடியில் சொட்டு இருக்கிறதா, பானெட்டுக்குள் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயில், கூலன்ட் மட்டம், பேட்டரி வோல்டேஜ் மூன்றையும் சோதியுங்கள், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றியபின் கிளப்புங்கள். டயர் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். முதல் சில பிரேக்குகளில் டிஸ்க்கின் துரு கரகரக்கும். அது தேயும் வரை நெடுஞ்சாலையில் ஏறாமல் தெருக்களிலேயே மெதுவாக ஓட்டுங்கள்.