பிக்கப் பண்ணும்போது இடைவெளி எங்கே?

சென்னையில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். நான் அதிகம் திருத்துவது எழுத்துப்பிழையை அல்ல, இடைவெளியை. இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதியிருப்பார்கள், ஒரே சொல்லைப் பிரித்திருப்பார்கள். கிண்டி, ஓஎம்ஆர் பக்கம் வேலை பார்க்கிற, நன்றாக ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகளின் மெயிலிலும் இது உண்டு. பேச்சில் தெரியாத பிழை என்பதால் யாரும் திருத்துவதில்லை.

தமிழிலும் இந்தக் கவனம் நமக்குப் பழக்கம்தான். பலகை என்றால் மரப்பலகை. பல கை என்றால் நிறையக் கைகள். பள்ளியில் பொதுமொழி என்று படித்தோமே, அதுதான்.

நம்மிடம் இந்தத் தவறு வேர் பிடிக்க ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கில வினையைப் பெயர்போல எடுத்துக்கொண்டு பக்கத்தில் ‘பண்ணு’ சேர்த்துவிடுகிறோம். ‘லாகின் பண்ணு’, ‘பேக்கப் பண்ணிட்டியா?’, ‘சென்ட்ரல்ல வந்து பிக்கப் பண்ணிக்கோ’. வாயில் ஒட்டிப்போனது கையிலும் ஒட்டியே வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் வினையாக வந்தால் இவை இரண்டு சொற்கள்: லாக் இன், பேக் அப், பிக் அப். பெயராக வந்தால்தான் ஒரே சொல்: லாகின் விவரம், பேக்கப் ஃபைல், பிக்கப் நேரம். செட்டப்பும் இப்படித்தான்.

சந்தேகம் வந்தால் இறந்த காலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘லாக்டு இன்’ என்றுதான் வரும். ‘லாகின்டு’ என்று வராது. அந்த ‘டு’ நடுவில் நுழைய முடிகிறது என்றால் அங்கே இடைவெளி இருக்கிறது. ‘என்னை பிக்கப் பண்ணு’ என்பது ஆங்கிலத்தில் ‘பிக் மீ அப்’ ஆகிறதே, அந்த ‘மீ’ உட்காரும் இடமும் அதுதான்.

அப்புறம் எவ்ரிடே. இதற்குத் தமிழே துணை. ‘ஒவ்வொரு நாளும் கிண்டியில் ரயில் ஏறுகிறேன்’ என்பதில் ஒவ்வொரு, நாளும் என்று இரண்டு சொல். ஆங்கிலத்திலும் எவ்ரி டே என இரண்டு. ‘அன்றாடச் செலவு’ என்பதில் அன்றாட ஒரே சொல். அங்கே எவ்ரிடே ஒன்று. என் மாணவர்களுக்கு இதைவிட வேகமாகப் பதிந்தது வேறில்லை.

மேபீயும் இப்படியே. ‘ஒருவேளை’ என்று பொருள் வந்தால் சேர்த்து. ‘அவர் வீட்டில் இருக்கலாம்’ என்பதில் வரும் ‘இருக்கலாம்’ என்றால் மே பீ எனப் பிரித்து. ஏற்கெனவே என்ற பொருளில் ஆல்ரெடி ஒரே சொல். எல்லாம் தயார் என்றால் ஆல் ரெடி இரண்டு.

சில சொற்களுக்கு யோசனையே வேண்டாம், எப்போதும் பிரித்துத்தான்: அட் லீஸ்ட், இன் ஃபேக்ட், ஈவன் தோ, அ லாட். ‘இன் ஸ்பைட் ஆஃப்’ மூன்று சொல். அட்லீஸ்ட் நம் பேச்சில் தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டதால் அதைப் பிரிக்கக் கை கூசும். ஆங்கிலத்தில் எழுதும்போது பிரித்துவிடுங்கள்.

இந்த வழக்கம் மாறாததும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலப் புத்தகங்களில் டுடே, டுமாரோ என்ற சொற்களின் நடுவே ஒரு சிறு கோடு இருப்பதைப் பார்க்கலாம். அது பிறகு உதிர்ந்துவிட்டது. ஆல்ரைட் என்று சேர்த்து எழுதுவதும் இன்று பரவலாகிவிட்டது. இருந்தாலும் வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் ஆல் ரைட் என்று பிரித்தே எழுதச் சொல்கிறேன். சேர்த்து எழுதுவதைப் பிழையாகப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.