ஊருக்குப் போகேக்க மெஷினை விடுங்கோ, கிரைண்டரைக் கொண்டு போங்கோ

வெளிநாட்டில எஸ்பிரெஸ்ஸோ குடிச்சுப் பழகின ஆக்களுக்கு லீவில ஊருக்குப் போய் ஒரு மாசம் அது இல்லாம இருக்கிறது பெரிய பாடு. நானும் அப்பிடித்தான். கடைசி மூண்டு தரமும் போகேக்க எதைக் கொண்டு போறது எதை விடுறது எண்டு சூட்கேசைத் திறந்து வச்சுக்கொண்டு யோசிச்சிருக்கிறன், பிழையும் விட்டிருக்கிறன், இப்ப ஒரு தெளிவுக்கு வந்திட்டன். மெஷின் வீட்டிலயே இருக்கட்டும். கிரைண்டரைக் கொண்டு போங்கோ, அதுவும் கையால சுத்திற கிரைண்டர்.

ஏன் கிரைண்டர் எண்டு கேப்பியள். எஸ்பிரெஸ்ஸோவுக்கு வழக்கமான கணக்கு 18 கிராம் தூள் போட்டு 25இலிருந்து 30 செக்கனுக்குள்ள 36 கிராம் கோப்பி எடுக்கிறது. 9 பார் அழுத்தத்தில வாற தண்ணியை அவ்வளவு நேரம் மறிச்சு வச்சிருக்கிறது தூளின்ர நுணுக்கம்தான். கொஞ்சம் பருக்கனா அரைச்சா பத்துச் செக்கன்ல ஓடிப்போய் புளிக்கும், கூட நுணுக்கினா சொட்டுச் சொட்டா விழுந்து கைக்கும். பிளேட் வச்சு வெட்டிற கிரைண்டர்ல தூசும் கட்டியும் கலந்துதான் வரும், அதால ஒரே கோப்பையிலயே புளிப்பும் கைப்பும் சேந்து நிக்கும், அதைத் திருத்தவே ஏலாது. அதால பர், அதாவது கொட்டையை நடுவில வச்சு நெரிச்சு அரைக்கிற பல்லுச்சில்லு, உள்ள கிரைண்டர்தான் வேணும்.

கை கிரைண்டர் தெரியேக்க நான் முதல் பாக்கிறது நுணுக்கத்தை மாத்திற திருகியை ஒரு கிளிக் திருப்பினா பர் எவ்வளவு நகருது எண்டதைத்தான். வன்ஸிப்ரெஸ்ஸோ ஜே-அல்ட்ரா ஒரு கிளிக்குக்கு 8 மைக்ரோன் (மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்), கிங்கிரைண்டர் கே6 16 மைக்ரோன், கொமான்டான்டே சி40 30 மைக்ரோன். சி40 வடிகட்டிற கோப்பிக்கு அருமையான சாமான், ஆனா எஸ்பிரெஸ்ஸோவுக்கு 30 மைக்ரோன் பெரிய எட்டு, ஒரு கிளிக்ல ஓடும், அடுத்த கிளிக்ல அடைக்கும், அதுக்கெண்டே கிளிக்கைப் பாதியாக்கிற ரெட் கிளிக்ஸ் அச்சு தனியா வேண்டிப் போடோணும். எஸ்பிரெஸ்ஸோ மட்டும்தான் எண்டால் ஜே-அல்ட்ரா, ரெண்டுக்கும் ஒண்டு வேணும் எண்டால் கே6, இது என்ர தெரிவு.

இனி கறண்ட் விசயம். இலங்கையில 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியாவில இருந்து போறவைக்கு இதில பயமில்லை, அங்கயும் 230தான், பிளக் மட்டும் பாத்தாக் காணும். கனடா, அமெரிக்காவில இருந்து போறவை கட்டாயம் கவனியுங்கோ. அங்க 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். பிளக் அடாப்டர் கால்களின்ர வடிவத்தைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. நான் முதல் தரம் கொண்டு போன மின்சாரக் கிரைண்டரை அடாப்டரில குத்தி சுவிச்சைப் போட்டன், ரெண்டு செக்கன்ல எரிஞ்ச மணம் வந்திட்டுது, அதோட சரி. சூடாக்கிற சாமான் எண்டால் இன்னும் மோசம், வோல்ட் ரெண்டு மடங்கானா ஹீட்டர் இழுக்கிற வாட்ஸ் நாலு மடங்காகும். ட்ரான்ஸ்போமர் போடலாம்தான், ஆனா 1400 வாட்ஸ் மெஷினைத் தாங்கிற ட்ரான்ஸ்போமர் மெஷின் மாதிரியே பாரம், அது 60 ஹேர்ட்ஸையும் தராது, பம்பு மெதுவாத்தான் ஓடும்.

இன்னொண்டு, ஊர் வீடுகள்ல பழைய வட்டக்கால் பிளக்கும் இருக்கும், லண்டன் மாதிரி சதுரக்கால் பிளக்கும் இருக்கும். சின்ன வட்டக்கால் பொயின்ட் 5 அம்பியர், அதில 1150 வாட்ஸுக்கு மேல இழுக்கக்கூடாது, 1400 வாட்ஸ் மெஷின் 6 அம்பியருக்கு மேல கேக்கும். சதுரக்கால் 13 அம்பியர் பொயின்ட் இருந்தா அதிலதான் குத்துங்கோ.

அப்ப கறண்ட் இல்லாம எப்பிடி எஸ்பிரெஸ்ஸோ? கையால அமத்திற சாமான்கள் இப்ப நல்லா வந்திட்டுது. பிளெயர், கஃபெலாட் ரோபோ ரெண்டும் நல்லது, ஆனா பயணத்துக்குப் பெருசு. பிகோபிரெஸ்ஸோ எண்ட சின்னக் கைச்சாமான் 350 கிராம்தான், 18 கிராம் தூள் பிடிக்கும், கேத்தல்ல கொதிக்கிற தண்ணி இருந்தாக் காணும். முதல்ல வெறும் கொதிதண்ணி ஒருக்கா விட்டு உலோகத்தைச் சூடாக்குங்கோ, இல்லாட்டி தண்ணி ஆறிப்போய் புளிக்கும். அடுப்பில வைக்கிற மொக்கா பொட்டும் நல்லதுதான், ஆனா அதில வாறது 1, 2 பார் அழுத்தம், எஸ்பிரெஸ்ஸோ எண்டு நினைச்சுக் குடிக்காதேங்கோ, அது வேற கோப்பி.

எல்லாரும் மறக்கிறது தண்ணி. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்கு மேல இருக்குது, கிணத்துத் தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால வாறதால கல்சியம் கரைஞ்சிருக்கும். அம்மாவின்ர கேத்தலுக்குள்ள எட்டிப் பாருங்கோ, அடியில வெள்ளையா படிஞ்சிருக்கும், அதுதான் மெஷினின்ர பொயிலருக்குள்ளயும் சின்னக் குழாய்க்குள்ளயும் படியப் போகுது. கடலுக்குக் கிட்ட உப்பும் சேரும், உப்புத்தண்ணி ஸ்டீலையே தின்னும். கோப்பிக்கு மொத்தக் கடினத்தன்மை லீட்டருக்கு 50இலிருந்து 175 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, அதைப் பாக்கிற டெஸ்ட் ஸ்டிரிப் ஒரு பைக்கெற் பையில போடுங்கோ, பாரமேயில்லை. டிடிஎஸ் மீற்றர் கரைஞ்சது எவ்வளவு எண்டு சொல்லுமே தவிர அது கல்சியமா உப்பா எண்டு சொல்லாது. ஆர்ஓ ஃபில்டரில கரைஞ்சதெல்லாம் எடுத்து வடிச்ச தண்ணியை மட்டும் பாவிச்சா கோப்பி சப்பெண்டு இருக்கும், நான் அதோட கொஞ்சம் கிணத்துத் தண்ணியைக் கலந்து ஸ்டிரிப்பால பாத்துத்தான் பாவிக்கிறன்.

கை கிரைண்டரை ஹாண்ட் லக்கேஜில வச்சா ஸ்கேனர்ல பாரமான இரும்பு உருளை மாதிரித் தெரியும், திறந்து காட்டச் சொல்லுவினம், அதால கொட்டையை எடுத்து துடைச்சு வெறுமையா வையுங்கோ, இல்லாட்டி பெரிய சூட்கேசில உடுப்புக்குள்ள சுத்தி வையுங்கோ. லித்தியம் பற்றரியில தண்ணி சூடாக்கிற எஸ்பிரெஸ்ஸோ சாமான் எண்டால் கைப்பைக்குள்ளதான் வையுங்கோ, பற்றரி எத்தினை வாட்-அவர் எண்டும் பாத்து வையுங்கோ, 100ஐத் தாண்டினா எயர்லைன்ஸிட்ட முன்கூட்டியே கேக்கோணும். வறுத்த கொட்டை ஊர் வெக்கைக்கும் ஈரக்காத்துக்கும் கெதியாப் பழசாகும், ஒரு கிழமைக்குக் காணுறதாப் பிரிச்சு காத்துப் போகாத பையில கட்டி ஃபிரீசரில போடுங்கோ, வெளிய எடுத்தா பை முழுக்க குளிர் போய் அறை வெப்பத்துக்கு வந்தபிறகுதான் திறக்கோணும், இல்லாட்டி கொட்டையில தண்ணி பிடிச்சிடும். பர்ரைத் தண்ணியில கழுவவே கழுவாதேங்கோ, பிரஷ்ஷால தட்டுங்கோ, துரு ஏறினா அந்த பர் போச்சு.

வீட்டுக்காரருக்கெண்டு ஒரு மெஷின் அங்க விட்டிட்டு வரப்போறியள் எண்டால் 230 வோல்ட் மெஷினா வேண்டுங்கோ, 15 பார், 20 பார் எண்டு பெட்டியில எழுதியிருக்கிறதைப் பாத்து மயங்காதேங்கோ, தேவை 9தான். அவையளிட்ட நல்ல கிரைண்டர் இல்லாட்டி தூள் போடுற கூடை ரெட்டைச் சுவரா இருந்து சின்ன ஓட்டையால மட்டும் கோப்பியை விடுற மெஷினே நல்லது, அது பருக்கன் தூளையும் சமாளிக்கும். மாசத்துக்கொருக்கா சுண்ணாம்பு எடுக்கிறது எப்பிடி எண்டு நீங்கள் நிக்கேக்கயே ஒருக்கா செய்து காட்டி, அந்தப் பவுடரையும் ஒரு வருசத்துக்குக் காணுற அளவு வச்சிட்டு வாங்கோ.