பிள்ளைக்கு வரலாறு தெரியவில்லையா? முதலில் வீட்டு அலுமாரியைத் திறவுங்கள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கலியாண வீடு, செத்த வீடு எதற்குப் போனாலும் ஒரு பெரியவராவது சொல்லிவிடுவார்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் ஒன்றும் தெரியாது." உண்மைதான். பத்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் எல்லாளனையும் துட்டகைமுனுவையும் கேட்டால் கடகடவென்று ஒப்புவிக்கும், பிரெஞ்சுப் புரட்சி 1789 என்று சொல்லும், ஆனால் 1983 ஜூலைக் கலவரத்தில் தன் அம்மம்மா யார் வீட்டில் ஒளிந்திருந்தார் என்று கேட்டால் முழிக்கும்.

யாரின் பிழை? பாடப்புத்தகத்தில் தமிழர், முஸ்லிம்கள், மலையக மக்கள் பற்றி இருப்பது மிகக் கொஞ்சம் என்ற முறைப்பாடு நெடுங்காலமாக இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ரியூட்டரியில் பரீட்சைப் புள்ளி வரும் பகுதியைத்தான் அடித்து அடித்துப் படிப்பிக்கிறார்கள், ஓ.எல். பரீட்சை முடிந்த அடுத்த வாரமே அது மறந்துபோகிறது. இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. 1970களின் கல்விச் சீர்திருத்தத்தில் வரலாறு சமூகக் கல்விக்குள் போய்ச் சேர்ந்தது. அதனால் இன்றைக்கு நாற்பது ஐம்பது வயதில் இருக்கும் பெற்றோரில் பெரும்பாலானோரே அதைத் தனிப்பாடமாகப் படித்தவர்கள் இல்லை.

இருந்தாலும் பெரிய பங்கு வீட்டுக்குத்தான் என்பேன். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் பஸ்ஸில் தமிழில் கதைக்கவே பயந்தோம், பிள்ளை வெளியில் போய் எதையாவது உளறிவிடக் கூடாதே என்று வீட்டுக்குள்ளும் வாயை மூடினோம். அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது. 2009இல் போர் முடிந்த பிறகும் அதே பழக்கம் தொடர்ந்தது, பிள்ளை கேட்டால் "அதெல்லாம் இப்ப எதுக்கு, படிக்கிற வேலையைப் பார்" என்கிறோம். நாங்கள் விட்ட இடைவெளியை டிக்டொக் வீடியோ முப்பது செக்கனில் நிரப்பிவிடுகிறது. தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதே தெரியாத பிள்ளை அதைப் பற்றி எப்படிக் கேட்கும்?

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் அலுமாரியில் இருக்கும் ரெக்சின் பையை எடுங்கள், எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதில் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து அதன் கையிலேயே கொடுங்கள். தகப்பன், தாய் விபரங்களில் இனம் என்று ஒரு வரி இருக்கும். இன்னும் கீழே போனால், பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம். அதற்கும் கீழே, தகப்பன் இலங்கையில் பிறக்காமல் பூட்டன் இலங்கையில் பிறந்தவரானால் பூட்டனின் பெயர், வருடம், இடம். பிள்ளை பிறந்தது கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில், அரசாங்கத்துக்குப் பூட்டன் பிறந்த இடம் எதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை யோசிக்கட்டும், அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள்.

பதில் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மலையகத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த மனிதர் பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு எங்கே போவார்? 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்கள் வென்றிருந்தது. 1952 தேர்தல் வந்தபோது அந்த மக்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று பங்கு போட்டது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்தது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரு தாளில் நாலு வரியை வைத்துக்கொண்டு ஐம்பத்தைந்து வருஷத்தைச் சொல்லிவிடலாம். உங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பமானால் அந்தப் பெட்டிகளை நிரப்புவது லேசாக இருந்திருக்கும். எங்களுக்கு லேசான படிவம் பக்கத்து மேசைப் பிள்ளையின் குடும்பத்துக்கு ஏன் கஷ்டமாக இருந்தது என்று அப்போது கேளுங்கள், இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

பையில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். எழுபதுகளின் கூப்பன் புத்தகம் இருந்தால் நல்லது, பாணுக்கு வரிசையில் நின்ற கதை தானாக வெளியே வரும். தாத்தா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவரானால், 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு சிங்களத்தில் சோதனை எழுதச் சொல்லி வந்த கடிதம் இருக்கலாம். போர்க்காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர் பொலிஸில் பதிந்த தாள் ஒன்று கட்டாயம் எங்காவது மடித்துக் கிடக்கும். அதைக் கண்டால் 2007 ஜூன் 7ஆம் திகதியைச் சொல்லுங்கள்: கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரை விடியற்காலையில் எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இப்போது ஏ.எல். படிக்கும் பிள்ளை அப்போது பிறந்திருக்காது, பிறந்திருந்தாலும் கைக்குழந்தை. அந்த லொட்ஜ்களில் சில இருந்த தெருக்களால்தான் அது ரியூஷனுக்கு நடந்து போகிறது.

அடுத்தது கதை கேட்பது. அம்மம்மாவிடம் போய் "83 பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் ஒன்றும் வராது, "என்னத்தைச் சொல்ல, எல்லாம் போச்சு" என்று முடித்துவிடுவார். சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும். அன்றைக்குக் காலையில் என்ன சமைத்தீர்கள்? யார் வந்து முதலில் சொன்னது? எந்தக் கதவால் வெளியே போனீர்கள்? கையில் என்ன எடுத்தீர்கள்? இரத்மலானை முகாமில் எங்கே படுத்தீர்கள்? கேட்பது பிள்ளையாக இருக்கட்டும், நீங்கள் கேட்டால் "உனக்குத் தெரியும்தானே" என்று கதை அறுந்துவிடும். போனில் ரெக்கோட் பண்ணலாமா என்று முதலில் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். குரல் உடைந்தால் நிறுத்திவிட வேண்டும், தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம். சிலர் கடைசிவரை சொல்லவே மாட்டார்கள், அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

வீட்டை எரிக்க வந்தவர்களைப் பற்றிக் கேட்கும் பிள்ளை, கதவைப் பூட்டி ஒளித்து வைத்த சிங்களப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் கேட்க வேண்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதை நாங்கள்தான் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அப்படி வந்து புத்தளத்திலும் கொழும்பிலும் குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்த 1971இலும் 1987–89இலும் காணாமல்போன சிங்கள இளைஞர்களுக்கும் வீடுகள் இருந்தன, மகளின் சிங்களச் சிநேகிதியின் வீட்டில் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று தொங்கலாம். எங்கள் நோவை மட்டும் தெரிந்த பிள்ளைக்கு இந்த நாட்டின் வரலாறு பாதிகூடத் தெரியாது. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

கேட்ட கதையைச் சரிபார்க்கவும் பழக்குங்கள். வயதானவர்களுக்கு 58, 77, 83 கலவரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அது பொய் சொல்வது ஆகாது. பழைய பத்திரிகை பார்க்க கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் கூடம் இருக்கிறது, வீரகேசரி 1930இலிருந்து வருகிறது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே பார்ப்பதானால் 'நூலகம்' என்ற இணையத்தளம் (noolaham.org), காசு இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு 'மறைக்கப்பட்ட வரலாறு' வந்தால் எந்த வருஷம், யார் சொன்னது, எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று மூன்றையும் பிள்ளை கேட்கட்டும். ஒன்றுக்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது.

வெளியே கூட்டிப் போவதானால் ஒரு தரத்துக்கு ஓர் இடம் போதும். என்னைக் கேட்டால் தேசிய நூதனசாலையில் தொடங்குங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலியில் நாட்ட என்று கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல் அங்கே இருக்கிறது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டியது. சீனப் பகுதியில் புத்தருக்கும் தமிழில் இந்துத் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும் பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. பிள்ளை கிட்டப் போய்த் தமிழ் எழுத்துகளைத் தேடட்டும். ஒன்றிரண்டைத் தானாகக் கண்டுபிடித்தால் அந்தச் சந்தோஷம் லேசில் போகாது. இன்னொரு நாள் ஆமர் வீதிப் பக்கம் போய் ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயத்தையும் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு நீளத் தாளில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள், ஒரு பக்கம் வீட்டில் நடந்தது, மறுபக்கம் அதே வருஷம் நாட்டில் நடந்தது. வெறுமையாக இருக்கும் இடங்களைப் பார்த்து அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பிள்ளையே சொல்லும். பழைய பத்திரங்களைப் போனில் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள், வெள்ளமும் கறையானும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 1958 கலவரத்தை விபரம் தெரிந்த வயதில் கண்டவர்களுக்கு இப்போது எண்பது நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் அலுமாரியும் நூதனசாலையும் பிறகு பார்க்கலாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையை அவர் பக்கத்தில் இருத்துங்கள்.