ஆட்டமும் படிப்பும்: கல்லூரி தேடும் வீரர்கள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு எங்கள் வாலிபால் மைதானத்துக்கு வரும் பிள்ளைகள், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் கேட்ட அதே தவறான கேள்விகளைத்தான் இன்றும் கல்லூரிகளில் கேட்டுவிட்டு வருகிறார்கள். விண்ணப்பத் தேதியைக் கோட்டைவிடுவது போன்றவற்றை வீட்டுப் பெரியவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

வருகைப் பதிவை வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுதல்

"ஓ.டி. ('ஆன் டியூட்டி', போட்டிக்காக வகுப்புக்கு வராத நாள்களுக்கான அனுமதி) பற்றிக் கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உடற்கல்வி இயக்குநர் சொன்னதை நம்பி ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வருகைப் பதிவேடு துறைத் தலைவரின் பொறுப்பில் இருந்தது. ஐந்தாம் பருவத்தில் பல்கலைக்கழக அணியின் பயிற்சி முகாம், தென் மண்டலப் போட்டி, இடையில் இரண்டு இரவு ரயில் பயணம் எல்லாம் முடித்துத் திரும்பியபோது, தேர்வெழுதத் தகுதியற்றோர் பட்டியலில் என் பதிவெண் இருந்தது. என் ஓ.டி. படிவங்கள் துறை அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தன: இடப்பக்கம் இயக்குநரின் பச்சை மைக் கையெழுத்து, வலப்பக்கம் துறைத் தலைவருக்கான இடம் வெறுமை. ஒரு பருவம் போயிற்று.

அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். விளையாட்டில் பங்கேற்றவர்களுக்கு உரிய சான்றின் பேரில் 65 வரை சலுகை உண்டு. 80 வேலை நாள் கொண்ட பருவம் என்று வைத்துக்கொண்டால், சலுகையையும் சேர்த்து 28 நாள்தான் வராமல் இருக்கலாம். காய்ச்சலும் அக்கா கல்யாணமும் அதற்குள்ளேயே அடக்கம். ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்திலேயே போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கை நான் போடவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ஆகவே இயக்குநரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் துறைத் தலைவரையும் பாருங்கள். அதே அணியில் ஆடும் மூன்றாம் ஆண்டு மாணவரைத் தனியே அழைத்து, போட்டிக்குப் போன வாரத்தில் தவறிய அகமதிப்பீட்டுத் தேர்வை மறுபடி எழுத விட்டார்களா என்று கேளுங்கள்.

எந்த அணிக்காக ஆடப்போகிறோம் என்று அறியாதிருத்தல்

இணைப்புக் கல்லூரியில் சேர்ந்தால், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் தேர்வாளர்களின் கண்ணில் பட்ட பிறகே பல்கலைக்கழக அணிக்குள் நுழைய முடியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படி குறைவு, ஆனால் ஆடுவதற்கென்றே அழைத்துவரப்பட்ட வீரர்களோடு இடத்துக்கு மோத நேரும். பிற்பாடு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்குக் கேட்கப்படும் 'ஃபார்ம் 3' சான்றிதழ், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கே உரியது. பெரிய பெயருள்ள இடத்தில் பன்னிரண்டு பேர் பட்டியலுக்கு வெளியே நான்கு ஆண்டு நின்றால் அந்தத் தாள் கையில் வராது.

கோப்பை அலமாரி

உங்கள் ஆட்டத்தில் கடைசிக் கோப்பை எந்த ஆண்டு வந்தது என்று மட்டும் பாருங்கள்.

விடுதி

பயிற்சி முடிந்து இரவு எட்டரைக்கு வருபவருக்குச் சோறு இருக்குமா?

கட்டணச் சலுகை கடைசிவரை வரும் என்று நினைத்தல்

எங்கள் மைதானத்துப் பிள்ளை ஒருவனுக்கு இரண்டாம் ஆண்டில் முழங்கால் தசைநார் கிழிந்தது. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அவன் அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. சலுகைக் கடிதத்தில் 'காயம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அவனுடைய கடிதத்தில் இல்லை.